தொட்டி தாண்டினால் வரும் கோடு

எங்கள் தெருவில் புகைந்துபோன மோட்டாருக்கெல்லாம் கடைசிப் புகலிடம் காயில் மாமா. மின்விசிறி, மிக்ஸி, தண்ணீர் பம்பு எதுவானாலும் எரிந்த செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, சுற்றுகளை எண்ணி எண்ணிப் புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றுவார். எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். நான் கடை வாசலில் நின்று, "நூத்தி நாப்பது, எண்பத்தி ரெண்டு, ஆறு" என்று கத்திவிட்டு ஓடியிருக்கிறேன். அவர் துரத்தியதே இல்லை. ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். துரத்தாத ஆளிடம் வம்பு செய்து என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

மனைவி இறந்து வெகுகாலமாகிறது. ஒரே மகள் கடல் தாண்டி வேலைக்குப் போய் மூன்று வருடம். அவள் ஆசையாக வாங்கி, இரண்டு முறை பறக்கவிட்டு, அலமாரியில் மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு குட்டி ட்ரோனை மாமா கண்டெடுத்தார். நான்கு மோட்டார் உள்ள பொருளை அவரால் சும்மா வைத்திருக்க முடியுமா? ஐந்து மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பழகினார். ரிமோட்டின் மேல் கையகலத்துக்கு ஒரு திரை. ட்ரோன் பார்ப்பதை அதில் அவர் பார்ப்பார், பதிவும் செய்வார். பள்ளிக்கூட வாசல், தெருமுனை, தண்ணீர்த் தொட்டி, அதற்கு அப்பால் மகள் சைக்கிள் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட மைதானம். மூன்று நிமிடம். முதல் வீடியோவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அனுப்பினார்.

"ஒரே கோடா இருக்குப்பா, கண்ணு வலிக்குது. சரி பண்ணிட்டு அனுப்புங்க" என்று பதில் வந்தது.

அவ்வளவுதான். அன்றிலிருந்து கோட்டை ஒழிப்பதே அவர் பிழைப்பாகிவிட்டது.

முதல் கோடுகள் மயிரிழை போல வெள்ளையாக ஓடின. ட்ரோன் மேலே ஏற ஏற அதிகமாயின. மோட்டார்காரருக்கு இது போதாதா? மோட்டாரின் தொந்தரவு மின்கம்பி வழியாக கேமராவுக்கு ஏறுகிறது என்று கண்டுபிடித்து, பேட்டரிக் கம்பியில் சுண்டைக்காய் அளவு கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தார். பாதி போயிற்று. ஆண்டெனாவை மாற்றினார், மீதியும் போயிற்று. ஐந்து வாரத்தில் படம் கழுவிவைத்த கண்ணாடி மாதிரி ஆனது.

அந்த நேரம் பார்த்து நான் வந்து சேர்ந்தேன்.

பத்தாம் வகுப்பில் நானும் பள்ளிக்கூடமும் ஒருவரையொருவர் கைகழுவிவிட்டோம். போன் ரிப்பேர் கடையில் வேலை. அங்கே கழித்துப்போட்ட குப்பையில், நொறுங்கிய ட்ரோன் ஒன்றின் கேமராவும், படம் அனுப்பும் பெட்டியும், ஒரு திரையும் கிடைத்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து உயிர் கொடுத்தேன். அம்மா துணிக்கடையிலிருந்து வர ஒன்பதாகும். ஐந்தரையிலிருந்து ஒன்பதுவரை நானும் நான்கு சுவரும்தான். ஒருநாள் சேனலைத் திருப்பிக்கொண்டிருந்தபோது என் திரையில் எங்கள் தெரு வானத்திலிருந்து தெரிந்தது. இந்த மலிவு வகைப் படத்துக்குப் பூட்டெல்லாம் கிடையாது. அதே சேனலில் திரையை வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்.

திங்களிலிருந்து சனிவரை பார்த்தேன். மைதானத்தின் ஒரே மூலையைத்தான் அவர் சுற்றிச் சுற்றி வருவார். ஆளில்லாத மூலை. ஆனாலும் எனக்கு அந்த நேரத்துக்கு ஒரு துணை மாதிரி இருந்தது.

பிறகு கை அரிக்க ஆரம்பித்தது. ஒரு காகிதத்தில் மீசை வைத்த ஆந்தை வரைந்து என் கேமராவுக்கு முன் ஒட்டி, அதே சேனலில் பெட்டியைப் போட்டேன். என் வீடு அவர் வீட்டிலிருந்து மூன்றாவது. ட்ரோன் பக்கத்தில் இருக்கும்வரை அவர் படம் ஜெயிக்கும். தொட்டியைத் தாண்டித் தூரம் போனால் என் ஆந்தை ஜெயிக்கும். நடுவில் இரண்டும் கட்டிப்புரண்டு கிழிந்த துணியாகக் கோடுகள் ஓடும். ஒரே சங்கடம், என் பெட்டி ஓடும்போது என் திரையிலும் ஆந்தைதான். அவர் படத்தைப் பார்க்க வேண்டுமானால் நான் அணைத்தாக வேண்டும். அதனால் ஜன்னலில் நின்று அவர் திரையைத் தட்டுவதை மட்டும் பார்த்துச் சிரித்தேன்.

நாலு வாரம் கழித்து நோட்டும் கையுமாக எங்கள் கடைக்கே வந்துவிட்டார்.

"தொட்டி தாண்டினா கோடு வருதும்மா. நடுவுல ஏதோ முகம் மாதிரி வேற."

"முகமா? யார் மாதிரி மாமா?" என்றேன்.

"மீசை இருக்கு. உங்க முதலாளி ஜாடை."

"என்னை ஏன் சார் வம்புக்கு இழுக்கறீங்க" என்றார் உள்ளேயிருந்து முதலாளி அண்ணன்.

"தொட்டியில பேய் இருக்கும் மாமா."

"பேயா இருந்தா பேசித் தீத்துக்கலாம். இது நேரம் தவறாம அஞ்சு நாப்பதுக்கு வருது. இவ்வளவு ஒழுங்கு பேய்க்கு ஏது?"

நோட்டை என் முன் தள்ளினார். தேதி, மணி, எந்த இடம், மாற்றிய பொருள் எல்லாம் மணிமணியான கையெழுத்து. கடைசி நாலு ஞாயிற்றுக்கிழமைகளின் கீழே ஒரே வரி: 'கோடு. பாப்பாவுக்கு அனுப்பவில்லை.'

படித்தேன். ஆண்டெனாவை இறுக்கிக் கொடுத்து, "இனிமே வராது மாமா" என்றேன். அன்று மாலை என் பெட்டியை அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் திரையில் நானும் பார்த்தேன். ஒரு கோடு இல்லை. மைதானத்து மூலையில் ஒரு காகம் தத்துவதுகூடத் தெரிந்தது. மாமா ட்ரோனைக் கையில் ஏந்திக்கொண்டு கொஞ்ச நேரம் மாடியிலேயே நின்றார்.

வியாழக்கிழமை மறுபடி கடைக்கு வந்தார். இந்தத் தடவை போனை நீட்டினார்.

"இதுல ஏதோ கோளாறு. ஞாயித்துக்கிழமை அனுப்பினது அவளுக்குப் போகலைன்னு நினைக்கிறேன். கொஞ்சம் பாரும்மா."

பார்த்தேன். வீடியோ போயிருந்தது. அவள் போனில் சேர்ந்ததற்கான இரண்டு டிக்கும் இருந்தன. பார்த்ததற்கான நீலம் இல்லை. அதற்கு மேலே முந்தின வாரங்கள். 'கோடு போச்சாப்பா?' என்று அவள். 'இன்னும் இல்லம்மா' என்று இவர். 'அச்சோ. சாப்டீங்களா?' 'ஆச்சும்மா.' வாரத்துக்கு ஒன்று, தவறாமல். வீடியோவுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு உண்மையைச் சொன்னேன்.

"போன் நல்லாத்தான் இருக்கு மாமா."

"அப்படியா." போனைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "வேலை இருக்கும் அவளுக்கு. கோடு இருந்தப்ப வாரம் ஒரு தடவை கேப்பா."

அண்ணன் அவருக்கு ஒரு டீ சொன்னார்.

சாயங்காலம் ஆந்தையைத் தேடி எடுத்தேன். ஒரு பக்கத்து மீசை கசங்கியிருந்தது. பேனாவால் சரி செய்தேன். பெட்டியைப் போட்டேன். மாமாவின் ட்ரோன் தொட்டியைத் தாண்டிய நேரம், மாடியில் அவர் திரையைத் தட்டினார். தொட்டியைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினார்.

என்ன பேசினார் என்பது மறுநாள் தெரிந்தது. கடைக்கு ஓடிவந்து காட்டினார். 'கோடு திரும்ப வந்துடுச்சும்மா' என்று அவர் குரல். கீழே பதில்: 'அச்சச்சோ. என்னாச்சுப்பா? சாப்டீங்களா?'

"இனிமே வராதுன்னு சொன்னியே" என்று என் தலையில் லேசாகத் தட்டினார். கோபம் மாதிரி தெரியவில்லை.

"பெரிய கோளாறு மாமா. லேசுல போகாது."

"மெதுவா பாப்போம். என்ன அவசரம்?"

இப்போதும் தினமும் ஐந்து நாற்பதுக்குப் பெட்டியைப் போட்டுவிடுகிறேன். அவர் ட்ரோன் மைதானத்துக்குப் போய்த் திரும்பிய பிறகும் அதை அணைப்பதில்லை. அவர் என்ன பார்க்கிறார் என்று எனக்கு இனித் தெரியாது. என் திரையில் ஆந்தைதான் இருக்கிறது, அம்மா வரும்வரை.