நாலு தசம் மூன்று

கார் ஓடாதவர்களுக்கு இது ஒரு சின்ன விடயம். எனக்கு அப்படியில்லை. இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கார் என்னுடையது. பின்சில்லுகள் உந்துகிற பழைய ஜப்பான் கார். அதன் எஞ்சினைப் பிரித்து, இரண்டு காபரேட்டர் பூட்டி, உள்ளே வேகமான கேம் தண்டும் போட்டு வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட எஞ்சின் குறைந்த சுற்றில் தூங்கும். சுற்றைக் காட்டும் ஊசி நாலாயிரத்தைத் தாண்டினால்தான் கண் விழிக்கும். பெண்பிள்ளைக்கு ஏன் உந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் நான் ஒரே பதில்தான் சொன்னேன்: “விருப்பம்.”

வீடு இணுவில். கணிதம் படிப்பிப்பது பண்டத்தரிப்பில். இடையில் மானிப்பாய், சண்டிலிப்பாய். சந்திக்குச் சந்தி பிரேக், வளைவுக்கு வளைவு கியர். நாலாம் கியரில் நிம்மதியாக ஓட முடியாத தெரு. ஆகவே பின் அச்சுக்கு எந்தப் பல்லு விகிதம் பொருந்தும் என்று விடுமுறை முழுக்க இருந்து கணக்குப் பார்த்தேன். டயரின் உயரம், கியர்ப்பெட்டி, எஞ்சின் விழிக்கிற சுற்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் விடை 4.3. எஞ்சினிலிருந்து வருகிற தண்டு நாலு தசம் மூன்று தரம் சுற்றினால் சில்லு ஒரு தரம் சுற்றும். இந்த எண் கூடினால் இழுவை கூடும். குறைந்தால் நெடுந்தெருவில் எஞ்சின் அலட்டாமல் ஓடும், ஆனால் சட்டென்று எழும்பாது. பழைய வான் ஒன்றிலிருந்து கழற்றிய 4.3 பல்லுச் செற்றைத் தேடிப்பிடித்து, மெக்கானிக்கின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கார் திரும்பி வந்தது. சோம்பேறியாக வந்தது. மூன்றாம் கியரில் மிதித்தால் முனகியது. என் கணக்கில்தான் பிழையாக்கும் என்று என்னையே நொந்துகொண்டேன். அதை நினைக்கும்போதுதான் கூடுதலாகக் கோபம் வருகிறது.

ஒருநாள் காலை சண்டிலிப்பாயில் ஊர்ந்துகொண்டிருந்த மினிபஸ் ஒன்றை முந்த எடுத்தேன். எதிரே டிப்பர் தூரத்தில்தான் வந்தது. முந்தி முடிக்கத் தாராளமாக இடம் இருந்தது. மிதித்தேன். கார் எழும்பவில்லை. பஸ்ஸின் பாதி நீளத்தைக்கூடத் தாண்டாமல் அதன் பக்கத்திலேயே நின்று இழுபட்டது. டிப்பர்காரன் ஹோர்னை அழுத்தியபடி வந்தான். பிரேக்கை மிதித்துப் பஸ்ஸுக்குப் பின்னால் திரும்ப ஒதுங்கிவிட்டேன். அன்றைக்கு வகுப்பிலிருந்து ஒரு சோக்குத் துண்டைக் கையோடு கொண்டுவந்தேன்.

பின்னேரம் வீட்டில் காரின் பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கினேன். தண்டில் சோக்கால் ஒரு கோடு போட்டேன். அம்மா ஒரு சில்லையும் நான் மற்றதையும் பிடித்து ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றினோம். தண்டு நாலு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. பிழை என் கணக்கில் இல்லை. நான் கொடுத்த பல்லே உள்ளே இல்லை.

நேரே கராச்சுக்குப் போனேன். மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

“அது பிள்ளை, கனடாவிலையிருந்து தம்பி கதைச்சவர். பொம்பிளைப்பிள்ளை ஓடுற கார், வேகத்தைக் குறைச்சு விடுங்கோ எண்டவர். மூண்டு தசம் ஏழு போடச் சொன்னதும் அவர்தான். அங்கை அதுதானாம் நல்லது.”

தம்பி என்றது என் அண்ணனை.

“காரைக் குடுத்தது ஆர்?”

“நீங்கள்தான். எண்டாலும் அவர் சொல்லேக்கை நான் எப்பிடி மறுக்கிறது?”

எங்கள் ஊரில் கிணற்றுக்கு மோட்டர் மாற்றுவதென்றாலும், மதிலுக்கு நிறம் பூசுவதென்றாலும், வெளிநாட்டில் இருப்பவரை ஒரு சொல் கேட்காமல் காரியம் நடக்காது. கேட்கட்டும். மதில் எந்த நிறத்தில் இருந்தாலும் ஆளைக் கொல்லாது. வேகத்தைக் குறைக்கிறோம் என்று இந்த இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து குறைத்தது வேகத்தை அல்ல. வெறும் நெடுந்தெருவில் அந்தக் கார் முன்னையைவிட வேகமாகவே ஓடும். அவர்கள் குறைத்தது, ஆபத்திலிருந்து நான் விலகி ஓடுகிற பலத்தை.

“என்ரை பல்லுச் செற் எங்கை?”

மேசைக்குக் கீழே கிடந்தது. அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். “இதைப் பூட்டும்வரைக்கும் நான் இவ்விடத்தை விட்டு அசையமாட்டன்” என்று ஒரு பழைய டயரின் மேல் குந்தினேன். வேலைக்கு வந்திருந்த மற்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பாதி வேலையில் அவருடைய போன் அடித்தது. அண்ணன். கையெல்லாம் கிறீஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

“ஓம் தம்பி, எல்லாம் நீங்கள் சொன்னபடிதான் கிடக்கு. ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். இப்படித்தான் எல்லா வீட்டிலும் சமாளிக்கிறார்கள். நான் பேசாமல் இருந்திருந்தால் பல்லும் கிடைத்திருக்கும், அண்ணனும் நிம்மதியாக இருந்திருப்பார். என்னால் முடியவில்லை. என் சொந்தக் காரில் நான் கேட்டதைப் பூட்ட ஒரு பொய் தேவையா? எழும்பிப் போனை எடுத்தேன்.

“அண்ணை, அவர் பொய் சொல்லுறார். நீங்கள் சொன்னதைக் கழட்டியாச்சு. நான் கேட்டதுதான் இப்ப ஏறுது.”

“உன்ரை நன்மைக்குத்தானே சொன்னனான்” என்றார்.

“எனக்கு எங்கை சொன்னனீங்கள்? அவருக்கெல்லோ சொன்னனீங்கள்.”

போனை மேசையில் வைத்துவிட்டு, மிச்ச ஆணிகளையும் இறுக்கச் சொன்னேன்.