முன்சீட்டு

கட்டைவிரல் நகத்தால் தையலைக் கீறிப் பார்க்கிறார் சீட் அக்கா. ஒரு சாண் தள்ளி மறுபடியும். பிறகு விமான இறக்கையின் துணியில் காதை வைத்து விரலால் தட்டுகிறார். விறைப்பாகச் சத்தம் வந்தால் அடுத்த இடத்துக்கு நகர்கிறார். தொய்வாக வந்தால், "இந்த மனுஷன் மறுபடியும் வெயில்ல நிறுத்திட்டாரு. வெயில் துணிய விட்டுட்டு முதல்ல நூலத்தான் தின்னும்னு எத்தன வாட்டி சொல்றது" என்று முணுமுணுத்தபடி, காதில் செருகிய சாக்பீஸை எடுத்து அங்கே ஒரு குறி போடுகிறார்.

கார்களுக்கும் வேன்களுக்கும் சீட் உறை தைப்பது அவர் தொழில். பிய்ந்த பழைய உறையைக் கையில் வாங்கியதுமே, "நீங்க வலது பக்கமாச் சாஞ்சு ஓட்டுற ஆளு" என்பார். குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவதால் பாதிப்பேர் அவர் கோபமாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பாதி நேரம் அது உண்மையும்தான்.

கடைக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் நிற்கும் குட்டி விமானம் அவர் கணவருடையது. எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். மெக்கானிக்கான அந்த மனிதர் அலுமினியக் குழாய்களை இணைத்து, இன்ஜினைப் பின்பக்கம் மாட்டி, தானே கட்டியதுதான். ஆனால் இறக்கை முழுக்க அக்காவின் தையல். இரண்டு முறை பிரித்துத் தைத்துவிட்டார். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இன்ஜினைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டுப் போகிறார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் நின்று இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். அந்த மனிதர் வானத்தில் தொங்குவது எதில் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றவில்லையே.

அதில் இரண்டு இருக்கைகள். ஓட்டுகிறவர் பின்னால், கூட வருகிறவர் முன்னால். முன்சீட்டை அக்கா தன் முதுகுக்கே அளவெடுத்துத் தைத்திருந்தார். "முதல் சவாரி உனக்குத்தான்" என்பது கணவர் கொடுத்த வாக்கு. முதலில் ஏறியது கணவரின் தம்பி. அடுத்து டயர் கடைக்காரர். அக்காவின் முறை வந்தபோதெல்லாம் காற்று சரியில்லை. பிறகு, "உனக்குப் பயமா இருக்கும்மா" என்று ஒரு புதுக் காரணம் கிளம்பியது.

"பயம்னு நான் எப்பங்க சொன்னேன்?" என்று அக்கா கேட்டது என் ஜன்னல்வரை கேட்டது. 

போன மாதம் கணவர் கனமான இன்ஜின் ஒன்றை மாட்டினார். பின்பாரம் கூடிவிட்டது. இனித் தனியாகப் பறந்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், முன்சீட்டில் ஆள் பாரம் வேண்டும் என்றார். அக்காவைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார். அக்கா அன்று எங்கள் வீட்டுக்கு வந்து, "இந்த வாட்டி நெசந்தான் போல" என்று என் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். காலுக்குப் புது ஷூ வாங்கினார். மறுநாள் கெட்டித் துணியில் ஒரு பை தைத்துத் தரும்படி கணவர் கேட்டார். இறக்கை உறைகளை வைக்கத்தான் இருக்கும் என்று அக்காவும் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் திடலில் விமானம் தயாராக நின்றது; நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். அக்காவின் கையில் ஷூ, முன்சீட்டில் அந்தப் பை. வாய்வரை மணல் நிரப்பி, தைத்து மூடி, பெல்ட்டும் மாட்டியிருந்தது.

"கரெக்டா உன் வெயிட்டு" என்று கணவர் பெருமையாக விளக்கினார். "மணல்னா அசையாது பாரு. நீன்னா அங்க இங்க திரும்புவே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆளே நிக்கும்போது மணல் எதுக்குங்க?" என்று கேட்டே விட்டேன்.

"சார், இது பேலன்ஸ் விஷயம்" என்று சொல்லிவிட்டு, பெட்ரோல் கேனை எடுக்கப் போய்விட்டார். என்ன மனிதரோ. தைத்துக் கொடுத்தவளையே ஏமாற்றித் தைக்கவைத்திருக்கிறார்.

அக்கா முன்சீட்டுக்குப் போனார். பெல்ட்டைக் கழற்றினார். தையல் பிரிக்கும் கொக்கியைப் பையின் பக்கவாட்டில் செருகித் தன் இரட்டைத் தையலைத் தானே பிரித்தார். லேசில் விடவில்லை அது, நல்ல தையல். மணல் சரசரவென்று தரையில் கொட்டியது. வெறும் பையை உதறி மடித்து ஓரமாக வைத்தார், துணி வீணாகக் கூடாதாம். சீட்டைத் துடைத்தார். ஷூவைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து இறுக்கினார்.

கேனோடு வந்த கணவர் மணல் குவியலைப் பார்த்து நின்றுவிட்டார். "என்னம்மா பண்ணி வெச்சிருக்கே? வெயிட்டு..."

"வெயிட்டெல்லாம் சரியாத்தாங்க இருக்கு. நீங்கதானே நிறுத்துப் பாத்தீங்க."

அப்படிச் சொன்னவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கொடுக்கச் சொல்லி, கையை மட்டும் பின்னால் நீட்டினார்.