நவாலி வீட்டை யாருக்கு எழுதுவது

எந்த வரியானாலும் அது வருவதற்கு முன்னால் ஓடிப்போய்க் காரியத்தை முடித்துவிடுவது கனகரத்தினத்தின் சுபாவம். துபாயில் வற் (VAT) வரி வந்தபோது, அதற்கு முந்தின கிழமையே நாற்பது ஷாம்பூப் போத்தல் வாங்கி, அல் கூஸ் பகுதியில் தான் தங்கியிருக்கிற ரூமில் கட்டிலுக்குக் கீழே அடுக்கினார். அப்போதே தலையில் பாதி முடிதான். இப்போது முடி போய்விட்டது, ஷாம்பூ மிச்சம் இருக்கிறது. ரூமில் கூட இருக்கிற நாகர்கோவில் வாசு அதில்தான் சட்டை துவைக்கிறான்.

அப்படிப்பட்ட மனிதருக்கு, இலங்கையில் பரம்பரைச் சொத்துக்கும் நன்கொடைக்கும் புது வரி வரப்போகிறதாம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் எப்படி இருக்கும்? மத்தியானச் சாப்பாட்டைத் திரும்ப மூடிவைத்துவிட்டு மகளுக்குப் போன் எடுத்தார்.

"கோசலா, நவாலி வீட்டை உன்ர பேருக்கு எழுதப்போறன். சட்டம் வாறதுக்கு முதல் முடிக்கோணும். நீ இந்தச் சட்டத்தை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

கோசலாவுக்கு இருபத்தாறு வயது. ஷார்ஜாவில் நான்கு பெண்களோடு ஓர் அறையில் இருந்துகொண்டு, கப்பல் சரக்குக் கம்பனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். குடும்பத்தில் பட்டம் எடுத்த முதல் ஆள். எடுத்தது விலங்கியலில். ஆனால் வீட்டாருக்குப் பட்டம் என்றால் பட்டம்தான். மாமாவின் இரத்தப் பரிசோதனை, சித்தியின் வேலிச் சண்டைக் கடிதம் எல்லாம் அவளுக்குத்தான் போட்டோவாக வரும். தவளையின் இதயத்தில் எத்தனை அறை என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டு இரவு உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் வாசித்தாள். பாதி விளங்கவில்லை. விளங்காததை விளங்கினமாதிரிச் சொல்லப் பழகிவிட்டேனோ என்று அவளுக்கு அடிக்கடி ஒரு சந்தேகம் வரும்.

"அப்பா, இது இன்னும் கதைதான். எவ்வளவு வீதம், ஆருக்கு, எப்ப, ஒண்டும் முடிவில்லை. எங்கட வீட்டுக்கு வராமலும் போகலாம்."

"வந்தாப் பிறகு நீ என்ன, படிச்ச படிப்பை வைச்சு வரியைத் திருப்பி வாங்கித் தருவியோ?"

"எனக்கு வீடு வேண்டாம் அப்பா."

அதுதான் விஷயம். யாழ்ப்பாணத்தில், அதுவும் நவாலி மாதிரி ஊரில், ஒரு பெண்ணின் பேருக்கு வீடு எழுதினால் வீடு தனியாக வராது. பின்னாலேயே ஒரு மாப்பிள்ளை வருவார், அவருக்குப் பின்னால் அவருடைய அம்மா வருவார். வீட்டு உறுதிப் பத்திரத்தில் மை காய்வதற்கு முதலே தரகர் போன் எடுப்பார். கோசலா ஊருக்குத் திரும்பிவிடுவாள் என்பது அந்த ஒரு கையெழுத்தோடு முடிவாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனபோது வாசுவும் பிடித்துக்கொண்டான்.

"ஊர்ல அண்ணன் தம்பி சொத்துக்கு வெட்டிக்கிறான். நீ என்னம்மா வேண்டாங்குற? அண்ணே, எம்பேர்ல எழுதுங்க. பேனா ரெடி."

"நீ முதல் என்ர ஷாம்பூவுக்குக் கணக்குச் சொல்லு" என்றார் கனகரத்தினம்.

கோசலா சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்பதற்கு அவளிடம் ஏழெட்டுக் காரணம் இருந்தது. அப்படியென்றால் என்னதான் வேண்டும்? நாள் முழுக்கக் கொள்கலன் இலக்கங்களைத் தட்டுகிற இந்த வேலையா? மேல் கட்டில்காரி திரும்பிப் படுத்தால் தானும் ஆடுகிற இந்தக் கட்டிலா?

மூன்றாம் கிழமை அப்பா போனில் கத்துவதை நிறுத்திவிட்டார். "சரி பிள்ளை, உன்ர விருப்பம்" என்று மெதுவாகச் சொன்னார். கத்தலைத் தாங்கலாம், இதைத் தாங்க முடியவில்லை. இருபத்தேழு வருடம் ஸ்டோர் கீப்பராக நின்று, மேல்வீடு கட்டி, மதில் கட்டி, கேற் போட்ட மனிதர்.

"சரி அப்பா, கையெழுத்துப் போடுறன்."

திங்கட்கிழமை இருவரும் லீவு எடுத்துக்கொண்டு இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போனார்கள். நவாலி வீட்டைத் தன் சார்பில் ஏற்றுக்கொள்ள ஊரில் இருக்கிற சித்திக்கு அதிகாரம் கொடுக்கிற பத்திரத்தில் கோசலா கையெழுத்திட வேண்டும். டோக்கன் நூற்றுப் பதினெட்டு. சுவரில் நூற்றுப் பதின்மூன்று ஓடிக்கொண்டிருந்தது. பத்திரத்தில் பழைய உறுதியின் இலக்கம் கேட்டிருந்தது.

கனகரத்தினம் நவாலியில் இருக்கிற மனைவிக்கு வீடியோ அழைப்பு எடுத்தார். "சுந்தரம், அலுமாரியில பச்சை பைல் இருக்கெல்லே? அந்த உறுதியைப் போட்டோ எடுத்து அனுப்பு. கெதியா!"

"ஓ, இப்பத்தான் உறுதி வேணுமோ?" என்றார் சுந்தரம்பாள். குரலில் ஏதோ ஒரு சுகம் இருந்தது.

போட்டோ வந்தது. வாசிக்கிற வேலை வழமைபோலக் கோசலாவுக்கு.

"எனது மகள் சுந்தரம்பாளுக்குச் சீதனமாக..." நிறுத்தினாள். "அப்பா, இது அம்மான்ர வீடு."

"விசர்க்கதை. அடுத்த பக்கத்தைப் பார்."

அடுத்த பக்கத்தில் கிணற்றில் பங்கு இருந்தது. கனகரத்தினம் எங்கேயும் இல்லை.

முன் வரிசையில் இருந்த ஒருவர் அவர்கள் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மேல்வீடு நான் கட்டினது!" என்றார் கனகரத்தினம் போனுக்குள்.

"ஓம், ஆர் இல்லையெண்டது? மேல்வீட்டை நீங்கள் எழுதிக் குடுங்கோ. மேல ஏறுற படி ஆரின்ர எண்டு நொத்தாரிசிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ."

"உனக்கு முதலே தெரியுமெல்லே? ஏன் சொல்லேல்லை?"

"மூண்டு கிழமையா எழுதப்போறன், எழுதப்போறன் எண்டியள். எப்ப என்னைக் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

கனகரத்தினம் சுற்றி இருந்தவர்களைப் பார்த்துவிட்டுப் போனின் சத்தத்தைக் குறைத்தார்.

"போனைப் பிள்ளையிட்டைக் குடுங்கோ" என்றார் சுந்தரம்பாள். "கோசலா, சொல்லு. உனக்கு இந்த வீடு வேணுமோ?"

மூன்று கிழமையாக வாயில் தயாராக வைத்திருந்த 'வேண்டாம்', அந்த நேரம் பார்த்து வரவில்லை. தான் சாய்ந்து தள்ளிக்கொண்டிருந்த கதவைத் திடீரென்று யாரோ உள்ளேயிருந்து திறந்துவிட்டதுபோல அவள் தடுமாறினாள்.

"தெரியேல்லை அம்மா."

"அப்ப தெரிஞ்சாப் பிறகு சொல்லு. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. நான் செத்துக்கித்துப் போனா வரியை அரசாங்கம் உங்களிட்டை வாங்கிக்கொள்ளட்டும்."

"அப்ப நான்?" என்றார் கனகரத்தினம், சற்றுத் தள்ளி நின்று.

"நீங்கள் வந்து இருங்கோ. ஆர் வேண்டாமெண்டது? கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கக்கிடக்கு."

நூற்றுப் பதினெட்டு என்று சுவர் அழைத்தது. கோசலா மட்டும் எழுந்து போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அலுவலர் கையை நீட்டினார்.

"என்ன அலுவல் தங்கச்சி?"

"இன்னும் முடிவெடுக்கேல்லை" என்றாள் கோசலா.

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தி நூற்றுப் பத்தொன்பதை அழைத்தார்.