தா.பழூர்க்காரரின் பங்குச் சோறு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரைக் கோபக்காரர் என்றே அறிவீர்கள். தட்டில் சோற்றை மிச்சம் வைத்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் பாதிப் பேராவது இருப்பீர்கள். மகளாகிய நான் அதில் முதல் ஆள்.

வாலிகண்டபுரத்தில் ஒரு சாண் நிலம்கூட இல்லாத குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தார். சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் பிடிபட்டார். போர் முடிந்து திரும்பி, அம்மாவை மணந்து, கூலி வேலை செய்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்; பிற்காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலையில் காவல் வேலை பார்த்தார். கைதியாக இருந்த ஆண்டுகளைப் பற்றி மட்டும் வாயே திறந்ததில்லை.

நானோ சரித்திர ஆசிரியை. சிங்கப்பூர் வீழ்ந்தது என்று பாடப்புத்தகத்தில் இருக்கும் ஒரே வரியை நடத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். பிடிபட்ட நம்மவர்கள் என்ன ஆனார்கள் என்று புத்தகமும் சொல்லவில்லை, அப்படி ஒருவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு நானும் கேட்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் எனக்குத் தா.பழூருக்கு மாற்றல் வந்தது. "அந்த ஊரு மட்டும் வேணாம்" என்றார் அப்பா. அங்கே நடந்த கல்யாணங்களுக்குக்கூட அவர் போனதில்லை. அவருடைய கோபம்தானே எனக்கும் வாய்த்திருக்கிறது. "காரணத்தச் சொல்லுங்கப்பா, இல்லாட்டி நாளைக்கே போயி சேந்துடுவேன்" என்றேன்.

சொன்னார். ஏதோ ஒரு தீவில் விமானத்தளம் போடுவதற்கு அவர்களைக் கல் உடைக்க வைத்தார்களாம். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடிச் சோறு. மயங்கி விழுந்தால் துப்பாக்கிக் கட்டையால் அடி. அப்பாவின் இடது காது அப்படிப் போனதுதான்; செவிடு என்று நாங்கள் கேலி செய்த காது.

தா.பழூர்க்காரர் ஒருவர் அவருக்குப் பக்கத்தில் படுப்பவர். ஒரு காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. செத்தவருக்குப் பங்கு கிடையாது. அதனால் காய்ச்சல் என்று சொல்லி, கோணிச்சாக்கால் மூடி, சோறு வரும்வரை அப்பா மறைத்துவிட்டார். வாய்க்கரிசிக்கு அங்கே அரிசி ஏது? அவர் பங்காக வந்த சோற்றிலிருந்து நாலு பருக்கையை அவர் வாயில் போட்டார். மீதியைத் தான் தின்றார்.

"பொணத்தப் பக்கத்துல வச்சிக்கிட்டுத் தின்னேம்மா. அந்த வூட்டு மனுசங்க மூஞ்சில எப்புடி முழிப்பேன்?" அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார். ஜெயங்கொண்டத்தில் பஸ் மாறிப் போனோம். இறந்தவரின் தங்கை மட்டும்தான் இருந்தார். அப்பா உட்கார மறுத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், தின்றதையும் விடாமல். வாய்க்கரிசி போட்டதை மட்டும் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கலாம், சாட்சி யாருமில்லை. அடியும் பட்டினியும் தாங்கிப் பிழைத்தவர் என்பதைவிட, அன்று அப்படி நின்றவர் என்பதில்தான் எனக்குப் பெருமை.

அந்த அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"எம்புள்ள நாதியத்துப் போச்சோன்னு எங்கம்மா சாவுற வரைக்கும் பொலம்புச்சுங்க. வாயில நாலு பருக்க போட ஆளு இருந்திருக்கே. நீங்க தின்னதாலதான உசுரோட வந்து சொல்றீங்க? கையக் கழுவுங்கண்ணே, சோறு போடுறேன்."

அன்று முதல் அவர் எங்களுக்கு அத்தை. நானும் அதே ஊரில் வேலையில் சேர்ந்தேன். பாடப்புத்தகத்தின் அந்த ஒரு வரிக்கு இப்போது ஒரு முழு வகுப்பு எடுக்கிறேன்.

நெஞ்சுவலியோடு அப்பா பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் முறை வைத்துக்கொண்டு துணையிருந்த ஆலைத் தோழர்களுக்கும், வண்டி கொடுத்து உதவியவர்களுக்கும், பந்தல் போட்டதிலிருந்து பதினாறாம் நாள் வரை எங்கள் வீட்டில் அடுப்பெரியாமல் சோறு கொடுத்துப் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒருவருக்கு மட்டும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவுக்கு வாய்க்கரிசி போடும்போது அத்தையைப் பார்த்து, "இந்தம்மா என்ன மொறைங்க?" என்று யாரோ கேட்டார்கள். "கூடப் பொறந்த மொற" என்றார் அத்தை. தா.பழூரிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அரிசியை எடுத்தார். அப்பாவின் கேட்கிற காதுப் பக்கம் குனிந்தார்.

"எங்கண்ணன் பங்குண்ணே, வாங்கிக்குங்க."