தெம்பனிஸ் சாலையில் பெயர் கூப்பிட்டது

சிங்கப்பூரின் தெம்பனிஸ் சாலையில் மழை பிடித்துக்கொள்கிறது. கரியில் ஓடும் எங்கள் லாரி மேட்டில் திணறி நிற்கிறது. தீபாவளிக்கு மறுநாள் சங்கத்தார் எல்லாரும் கடற்கரைக்குப் போவது வழக்கம். ஜப்பான்காரன் காலத்திலும் அதை விடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவன் செயலாளரான நான்தான். ஓடிப்போய் அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகையில் ஒதுங்குகிறோம். அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்கும் தமிழ் அம்மாள் ஒருவர் நகர்ந்து இடம் விடுகிறார்.

மழை விட்டதும் டிரைவர் கரியைக் கிளறுகிறார். யாரும் விட்டுப்போகாமலிருக்க, ஏறுமுன் பெயர் கூப்பிடுவது எங்கள் வழக்கம். புதிதாக எழுதக் காகிதம் கிடைக்கவில்லை; என் கையில் இருப்பது போன வருடத்துப் பட்டியல்.

"செல்லையா!"

கூப்பிட்ட பிறகுதான் உறைக்கிறது. எல்லாரும் தரையைப் பார்க்கிறார்கள். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் எடுத்தபோது, "மூணே மாசம், சோறாவது கிடைக்கும், போயிட்டு வாங்க" என்று சிராங்கூன் ரோட்டுச் சங்க அறையில் வைத்து அவரை அனுப்பியவன் நான். ஆறு மாதம் தாண்டிவிட்டது. ஒரு கடிதம்கூட இல்லை.

கிழங்கு விற்கும் அம்மாளுக்கு இதெல்லாம் தெரியாது.

"மழைக்கு எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பாரு லா. சத்தமா கூப்பிடுங்க."

"இல்லம்மா, அவரு வரமாட்டாரு" என்கிறேன்.

"அப்ப விட்டுட்டா போறீங்க?"

மற்றப் பெயர்களையும் கூப்பிட்டுவிட்டு ஏறிக்கொள்கிறேன். லாரி நகர்கிறது. அந்த அம்மாள் செல்லையாவுக்கென்று கிழங்குத் துண்டு ஒன்றை இலையில் மடித்து வைத்துக்கொண்டு, நாங்கள் வந்த வழியையே பார்த்தபடி நிற்கிறார்.