கண்டியின் சனத்தொகையைக் கூட்டிய சர்மிளா

கண்டி நகரத்தின் சனத்தொகையை ஒரே பகலில் கூட்டிக் காட்டியவள் புசல்லாவைச் சர்மிளா. சரி, இது கொஞ்சம் கூடத்தான். ஆட்கள் முன்பே இருந்தார்கள்; கணக்கில்தான் இல்லை.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மலைச்சரிவில் ஏறும் ஒரு சந்து அது. மடவளை ஊர்க்காரியான உம்மு குல்சும், ஏற்றத்தின் நடுவில் இருந்த தன் வீட்டுக்கு மேல் அறை, அறைக்கு மேல் அறை என்று கட்டி வாடகைக்கு விட, பார்த்தவர்களும் கட்ட, சந்து மேலே மேலே வளர்ந்துவிட்டது. புடவைக் கடை, சுப்பர் மார்க்கெட், ஓட்டோ என்று டவுனில் சம்பாதிக்கும் புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்துச் சனம் அதில் நிறைந்தது. தண்ணீர்க் குழாய் மட்டும் அடிவாரத்தில் ஒன்றே ஒன்று. புடவைக் கடையில் காற்சட்டைக்குக் கரை மடித்துத் தைக்கும் சர்மிளா, உச்சி அறைக்கு வாளி சுமந்தே இடுப்பு விட்டுப்போனவள். குழாய் மேலே வந்தே ஆகவேண்டும் என்று தண்ணீர்ச் சபைக் கந்தோர் படி ஏறினாள்.

சந்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு உத்தியோகத்தர் வந்தார். வந்தது தீபாவளிக்கு மறுநாள். சந்து முழுக்கப் பூட்டு. சீனி, பருப்பு, நெத்தலி என்று டவுன் சம்பளத்தை மூட்டை கட்டிக்கொண்டு எல்லாரும் தோட்டத்துக்குப் பஸ் ஏறியிருந்தார்கள். குடியிருப்போர் குறைவு என்று எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார்.

சர்மிளா விடவில்லை. நச்சரித்து நச்சரித்து, மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை மறுபடி வருவதாக அவரிடம் வாக்கு வாங்கினாள். பார்த்தால், அந்த வெள்ளிதான் தோட்டத்து மாரியம்மன் தேர்.

"தேருக்கு வராம பைப்புக்கு நிக்கிறியா?" போனில் அப்பா ராஜலிங்கம். கோயில் தலைவர் அவர்.

"மாரியாத்தா அடுத்த வருஷமும் வருவா, அப்பா. இவரு வரமாட்டாரு."

கீழே ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த மூக்கையா, தேருக்குத் தப்படிக்கிறவன், "எண்ணிக்கை மந்திரி வாறாங்க, வழி விடுங்க," என்று அவளைக் கேலி செய்தான்.

"நீங்க போங்கண்ணே. சுப்பம்மா அக்காவ மட்டும் விட்டுட்டுப் போங்க. தண்ணி தூக்குறது அவங்கதானே."

மூக்கையா வாய் திறக்குமுன் அவன் மனைவி சுப்பம்மா முந்திக்கொண்டாள். "திரும்பி வந்து வாளிய நீங்க தூக்குறதா இருந்தா நானும் தேருக்கு வாறேன்."

ஆண்கள் தேருக்குப் போனார்கள். பெண்கள் தங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் உம்மு குல்சும் கதவு கதவாகத் தட்டினார். "தொறந்து வைங்க புள்ளையள். ஊட்டுல ஆள் ஈக்கிறது தெரியட்டும்."

உத்தியோகத்தர் வந்தார். முதல் வாசல் சுப்பம்மாவுடையது.

"எந்த ஊர் அம்மா?"

"புசல்லாவைங்க. இங்க சும்மா தங்கியிருக்கோம்."

பேனை நின்றது. தோட்டத்து மனுஷரிடம் ஊர் கேட்டால், கோயில் இருக்கிற இடத்தைத்தான் சொல்வார்கள். எத்தனை வருஷம் டவுனில் குடியிருந்தாலும் அதே பதில்தான். சந்து முழுக்க அந்தப் பதில் காத்திருந்தது. அப்படி எழுதிவிட்டால் ஒருவரும் கணக்கில் வரமாட்டார்கள். சர்மிளா குறுக்கே புகுந்தாள்.

"அக்கா, ஊர விடுங்க. சோத்துக்கு ஒலை எங்க வைக்கிறீங்க? சம்பாத்தியம் எங்க?"

"இங்கதான். சின்னவன் பொறந்ததே இங்கதானே. ஆஸ்பத்திரி வாசல்ல கடல விக்கிறேன்."

"அதச் சொல்லுங்க."

பேனை ஓடியது. அதன்பிறகு சர்மிளா முன்னே ஏறினாள், அவர் மூச்சு வாங்கப் பின்னே ஏறினார். ஒவ்வொரு வாசலிலும் அவர் வாய் திறப்பதற்குள் இவள் கேட்டு முடித்தாள்: ஒலை எங்க, சம்பாத்தியம் எங்க?

"தங்கச்சி, மாசக் கடைசியில என் சம்பளத்தையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்க," என்றார் அவர்.

அப்புறமென்ன, இன்றைக்கு உச்சி அறையில் குழாயைத் திறந்தால் மகாவலி ஆறே பாய்கிறது. மூக்கையா தன் ஓட்டோவை நாளுக்கு இரண்டு தரம் குளிப்பாட்டுகிறான்.

"எங்க பாயுது?" நான் கதை சொல்வதைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த சர்மிளாவேதான். "பைப் பாதி ஏத்தம்தான் வந்திருக்கு, உம்மு குல்சும் ராத்தா வாசல் வரைக்கும். அதுக்கு மேல இன்னும் வாளிதான். திங்கக்கிழம திரும்பவும் கந்தோருக்குப் போறேன்."