ஒரே ரேஷியோ, வேற சி.டி.

தாயில்பட்டி லைனில் ஃபால்ட். அந்த ஒரு பிரேக்கர் மட்டும் ட்ரிப் ஆகியிருக்க வேண்டும். ஆனால் சப்ஸ்டேஷனில் எல்லா லைனும் வந்து சேரும் பஸ்பாரோடு இணைந்த அத்தனை பிரேக்கரும் திறந்துகொண்டன. தீபாவளி சீசனில் பாதி சிவகாசி நின்றுபோனது. ஃபால்ட்டைக் கண்டு பிரேக்கரைத் திறக்கவைக்கும் ரிலேக்களைச் சோதிக்கும் டெஸ்டிங் பிரிவில் இருந்த நான் விருதுநகரிலிருந்து ஜீப்பில் போய் இறங்கினேன். அந்த மாதம் முழுக்க இதே அலைச்சல்தான்.

"ரிலே கெட்டுப்போச்சும்மா. அதை ஆஃப் பண்ணிட்டு கரண்ட் குடுத்து சார்ஜ் பண்ணுங்க" என்றார் செயற்பொறியாளர்.

ரிலே நன்றாகத்தான் இருந்தது. லைனில் ஓடும் கரண்டை அளவு குறைத்து ரிலேவுக்குக் கொடுக்கும் கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மர், அதாவது சி.டி., தாயில்பட்டி லைனில் மட்டும் புதிது. பழையது வெடித்ததும் ஸ்டோரில் கிடைத்ததை மாட்டியிருந்தார்கள்.

"ரேஷியோ ஒண்ணுதான மேடம்?" என்றார் ஆபரேட்டர்.

கரண்டைக் குறைக்கும் விகிதமான ரேஷியோ ஒன்றுதான். அளந்து பார்த்தேன். வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் மற்ற சி.டி.க்களைவிட மிக அதிகம். சி.டி. எந்த வோல்டேஜ் வரை சரியாக வேலை செய்யும் என்பதைச் சொல்லும் ‘நீ பாயிண்ட்’ (knee point) மிகக் குறைவு. பஸ்பாரைக் காக்கும் ஹை இம்பீடன்ஸ் டிஃபரன்ஷியல் ரிலே முறையில், வெளியே லைனில் ஃபால்ட் வரும்போது ஒரு சி.டி. சாச்சுரேட் ஆகி அளக்க முடியாமல் போனால் மற்றவற்றின் கரண்ட் அதன் வைண்டிங் வழியாக ஓடும். அங்கே ரெசிஸ்டன்ஸ் கூடினால் ரிலேயில் வோல்டேஜ் ஏறி, எல்லாம் ட்ரிப் ஆகும்.

"அப்ப ரிலே செட்டிங்கைக் கூட்டிருங்க" என்றார் செயற்பொறியாளர்.

"கூட்டினா, பஸ்பார்லயே ஃபால்ட் வந்தாலும் ரிலே வேலை செய்யாது சார். அம்புட்டு வோல்டேஜ் இந்த சி.டி.யால குடுக்க முடியாது. யார்டுல ஆளுக நிக்கிறாக."

அவர் ஒத்துக்கொண்டார். கடைசியில் தாயில்பட்டி லைனை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை சார்ஜ் செய்தோம்.

மறுநாள் அந்தப் பக்கம் பட்டாசுப் பெட்டி அச்சடிக்கும் யூனிட் மேனேஜர் நேரில் வந்தார். "வேன்ல வந்த பொம்பளையாளுக பூராம் திரும்பிப் போறாக. எங்க லைன்தான் உங்களுக்குக் கெடச்சுச்சா?"

"மாத்து சி.டி. வருதுங்க" என்றேன். அவர் போனதும் ஸ்டோருக்குத் திரும்பவும் போன் செய்தேன்.

சி.டி. வந்தது. அதையும் மற்ற லைன்களின் சி.டி.க்களையும் அளந்து, பொருந்திய பிறகே சார்ஜ் செய்யச் சொன்னேன்.

அதே சீசனில், காற்றடித்த ஒரு சாயங்காலம் அந்த லைனில் திரும்பவும் ஃபால்ட். ஆபரேட்டர் போன் செய்தார்: "மேடம், அது மட்டுந்தான் ட்ரிப். பஸ்பார் தாங்கிருச்சு."

சிவகாசியில் அச்சு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே யாருக்கும் ஒன்றும் தெரியாது. தாயில்பட்டியில் கரண்ட் போனவர்கள் எங்களைத் திட்டியிருப்பார்கள். இந்த வேலைக்கு வரும் நீங்கள் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சி.டி.யை ரேஷியோ மட்டும் பார்த்து மாட்டிவிடாதீர்கள், அளந்து மாட்டுங்கள்.